புளி போட்டுத் தேய்த்த அருளிக்கம்

எங்கள் கோவில் அருளிக்கத்தின் முத்திரையைச் சுரண்டி எடுத்தது நான்தான். ஊருக்குள் இதற்குப் பல கதை ஓடுகிறது. பூனை தட்டிவிட்டது என்று ஒருத்தி சொல்கிறாள். எலி கடித்துவிட்டது என்று இன்னொருத்தி. பூனையும் இல்லை, எலியும் இல்லை. புளியும் வெந்நீரும் வைத்துத் தேய்த்தேன், கத்தியால் சுரண்டினேன், போய்விட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அருளிக்கம் என்பது புனிதர் ஒருவரின் எலும்புத் துணுக்கு. எங்கள் கோவிலில் இருப்பது எங்கள் ஊர்ப் பாதுகாவலரான புனிதருடையது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் கொண்டுவந்தாராம். அதை வைத்திருக்கும் பாத்திரம் ஒன்றரை அடி உயரம். பித்தளை, மேலே தங்க முலாம். அடியில் நான்கு சிங்கப் பாதம், அதற்குமேல் பிடி, பிடிக்கு மேலே சூரியன் மாதிரி சுற்றிலும் கதிர்கள், உச்சியில் சிலுவை. கதிர்களுக்கு நடுவில் ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு கண்ணாடிச் சிமிழ். அதற்குள் சிவப்புப் பட்டு, பட்டின்மேல் துணுக்கு. முதல்முறை பார்க்கிறவர்கள் நற்கருணை அப்பம் வைக்கிற கதிர்ப்பாத்திரம் என்றே நினைப்பார்கள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள், எங்கள் பேச்சில் நோம்பி என்கிற திருவிழா அன்று மட்டும், அது பீரோவை விட்டு வெளியே வரும். பூசை முடிந்ததும் ஜனங்கள் வரிசையில் நின்று கண்ணாடிமேல் வாய் வைத்து முத்தி செய்வார்கள். ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் சாமியார் வெள்ளைத் துணியால் கண்ணாடியைத் துடைப்பார். கொரோனாவுக்குப் பிறகு முத்தி கிடையாது. நெற்றியில் தொட்டு எடுப்பதோடு சரி.

அந்தத் தொடுதலுக்காகத்தான் என் வீட்டுக்காரர் போன வருஷம் முழுக்கக் காத்திருந்தார். முப்பது வருஷம் டெம்போ ஓட்டிய மனுஷர். இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் கோயமுத்தூருக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். கையில் ஊசி போட வைத்திருந்த நரம்பு அடைத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருதயமும் சரியில்லை.

"அடுத்த நோம்பி நா பாக்க மாட்டேன் புள்ள," என்பார். "இந்த நோம்பிக்கு அருளிக்கம் நெத்தியில பட்டுட்டாப் போதும்."

"பட்டா கிட்னி மொளச்சு வந்துருமாக்கும்?" என்பேன்.

"மொளைக்கறதுக்கு அது என்ன, அவரையா? படோணும், அவ்வளவுதான்."

எனக்கு அந்த அளவுக்குப் பக்தி கிடையாது. ஒன்பது வருஷமாக அந்தக் கோவிலைக் கூட்டித் துடைக்கிறேன். கும்பிடுகிறவர்களுக்குப் பீடம் தெரியும், எனக்குப் பீடத்துக்கு அடியில் இருக்கிற பல்லி எச்சம் தெரியும். அதற்கு முன்னால் நூல் மில்லில் இருந்தேன். அதற்கும் முன்னால், பாவாடை கட்டிய வயசில், அம்மாவோடு பண்ணையத்து ஊட்டில் பித்தளை அண்டா தேய்த்தேன். அந்த வீட்டுத் தண்ணீர்க் குடத்தை நாங்கள் தேய்க்கலாம். தேய்த்துக் கவிழ்த்த பிறகு தொடக்கூடாது. கோவிலிலும் கிட்டத்தட்ட அதுதான். துடைக்க நான், தூக்கிக்கொண்டு பவனி போக ஆம்பளைகள்.

அருளிக்கப் பாத்திரத்தை மட்டும் என்னிடம் விட்டதில்லை. சாமியாருக்குத் துணையாகக் கோவில் காரியம் பார்த்த பழைய உபதேசியார் அதைக் காய்ந்த துணியால் ஒரு தடவு தடவி வைத்துவிடுவார். அவர் தன் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். புதிதாக யாரையும் போடவில்லை. கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், பங்குப் பேரவைத் துணைத் தலைவர் பீரோவைத் திறந்து பார்த்தார். விசைத்தறி வைத்திருக்கிறவர். எதையும் வெள்ளையாகப் பார்த்தே பழகிய கண்.

"ஏனம்மணி, இதென்ன இப்பிடிக் கறுத்துக் கெடக்குது? இந்த வருசம் யூடியூப்ல லைவ் போடறோம். வெளிநாட்டுல இருக்கற நம்ம பசங்க எல்லாம் பாப்பாங்க. பளபளன்னு இருக்கோணும்."

"அது நா தொடறதில்லீங்க."

"இப்ப தொடுங்க."

தொட்டேன். கோவிலுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்மேல் வைத்து, ஒரு எலுமிச்சங்காய் அளவு புளியைக் கரைத்து, அடுப்பில் கொதித்த தண்ணீரை ஒரு போசியில் எடுத்துக்கொண்டு, தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தேன். முலாம் பாதி எப்போதோ போயிருந்தது. உள்ளே இருந்த பித்தளை வெளுத்து வந்தது. சிங்கப் பாதத்தின் நகம்கூடத் தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே சந்தோஷமாக இருந்தது. பித்தளை தேய்ப்பதில் என்னை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது.

திருப்பி வைத்தேன். பின்பக்கம் சின்னக் கதவு மாதிரி ஒரு மூடி. அதைத் திறந்தால் சிமிழின் முதுகு. அதன்மேல் சிவப்பு மெழுகு ஒழுகி, அழுக்கு நூலோடு சேர்ந்து கட்டிப்பிடித்துக் கிடந்தது.

மெழுகு எனக்குப் புதுசா? கோவிலில் என் பாதி வேலையே மெழுகு சுரண்டுவதுதான். தினம் எரிகிற மெழுகுவர்த்தி தாங்கியில், தரையில், மாதா சுரூபத்தின் காலில் என்று எங்கே பார்த்தாலும் வழிந்திருக்கும். வெந்நீர் ஊற்றி இளக்கி, பழைய கத்தியால் ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். யாரோ கவனமில்லாதவன் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தியை இதன்மேல் சாய்த்துவிட்டான் என்று நினைத்து, அவனைத் திட்டிக்கொண்டே வெந்நீரை ஊற்றினேன். கத்தியால் நெம்பினேன். நூலை அறுத்தேன். மெழுகு இரண்டு துண்டாக வந்தது. கூடவே சிமிழும் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

கல்மேல் கிடந்த மெழுகுத் துண்டைக் குனிந்து பார்த்தபோதுதான் அதில் ஏதோ அச்சு இருப்பது தெரிந்தது. ஒரு தொப்பி. அதிலிருந்து தொங்குகிற குஞ்சங்களில் பாதி.

அது ஆயருடைய, அதாவது பிஷப்புடைய, முத்திரை. உள்ளே இருப்பது உண்மையான அருளிக்கம்தான், யாரும் திறக்கவில்லை, மாற்றவில்லை என்பதற்கு இருக்கிற சாட்சி அதுதான். அது உடைந்துவிட்டால் பீடத்தில் வைக்கக்கூடாது. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தொப்பியைப் பார்த்த உடனே, இது சுரண்டக்கூடாதது என்று தெரிந்துவிட்டது.

என்ன செய்தேன்? துடைத்தேன். சிமிழை அதன் குழிக்குள் வைத்து, ஆடாமல் இருக்கக் கொஞ்சம் பஞ்சை அடைத்து, பின்கதவைச் சாத்தினேன். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. முன்னைக்கு இப்போது தகதகவென்று இருந்தது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். மெழுகுத் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. துணைத் தலைவர் பார்த்துவிட்டு, "இது வேலை!" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது வருஷத்தில் அந்த ஆள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் இவர் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். "நல்லா வெளக்குனியா? கண்ணாடி தொடச்சியா? உள்ள தெரியுதா?" தெரியுது, தெரியுது என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்த மனுஷனுக்கு மூன்று வருஷமாக எல்லாமே அளந்துதான். குடிக்கிற தண்ணீர் அளந்து, உப்பு அளந்து, பழம் கிடையாது, கீரை கிடையாது. ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் பஞ்சு அடைத்துக் கொடுப்பதா? மூன்றாம் நாள் காலையில் பூசை முடிந்ததும் சாமியார் அறைக்குப் போய், முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"அருளிக்கத்துப் பொறகால இருந்ததுங் சாமி. மெழுகுவர்த்தி ஒழுகுனதுன்னு நெனச்சுச் சொரண்டிப்போட்டேன்."

எங்கள் சாமியாருக்கு என் மூத்த மகள் வயசுதான் இருக்கும். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. எழுந்து போய்க் கோவில் பீரோவின் அடித்தட்டை முழுக்கக் கலைத்து, ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்தார். அருளிக்கத்தின் சான்றுப் பத்திரம். லத்தீன் எழுத்து. கால்வாசியைக் கரையான் தின்றிருந்தது.

துணைத் தலைவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து எல்லாம் கேட்டுவிட்டுச் சாமியாரிடம், "பின்னாடி யாருங்க பாக்கறாங்க? முன்னாடி கண்ணாடி இருக்குது. உள்ள எலும்பு இருக்குது. நோட்டீசும் அடிச்சாச்சு. போதாதுங்களா?" என்றார்.

"போதாதுங்க. முத்திரை இல்லாம ஜனங்களுக்கு வெக்க எனக்கு உரிமை இல்ல. ஆயர் இல்லத்துக்கு அனுப்பி, பத்திரத்தோட ஒத்துப் பாத்து, மறுபடி முத்திரை வெக்கணும். நோம்பிக்குள்ள ஆகாது."

துணைத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஏனம்மணி, நீங்க வாய மூடிட்டு இருந்திருக்கலாமில்ல?"

"ரெண்டு நாள் மூடிட்டுத்தானுங்க இருந்தேன். பளபளன்னு வேணும்னு சொன்னப்ப நீங்க மூடிட்டு இருந்திருக்கலாம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பேரவையில் நான்கு பேரிடம் கார் இருக்கிறது. அருளிக்கத்தைக் கோயமுத்தூர் கொண்டுபோக ஒருத்தர் காரும் வரவில்லை. சாமியாருக்குக் கொடியேற்ற வேலை, அதன்பின் ஒன்பது நாளும் நவநாள் பூசை. கடைசியில் அவர் என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு டயாலிசிஸ் இருக்குதுல்லம்மா? எப்படியும் போறீங்க. நா போன் பண்ணிச் சொல்லிடறேன்."

உடைத்தவளையே சுமக்க வைப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மறுத்துப் பேசும் இடத்தில் நான் இல்லை. பாத்திரம் பீரோவிலேயே இருந்தது. அவ்வளவு பெரிதைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. சிமிழை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டிலிருந்த ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, பஞ்சு பரப்பி, சிமிழையும் மெழுகுத் துண்டுகளையும் உள்ளே வைத்து, ரப்பர் பேண்டு போட்டேன். சாமியாரின் கடிதமும் பத்திரமும் ஒரு கவரில். சாப்பாட்டுக் கூடையில் தயிர்சாதத்துக்கு மேலே டப்பா, டப்பாவுக்கு மேலே துண்டு.

அன்றைக்கு ராத்திரியே இவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது. கேட்டதும் முதலில் சிரித்தார்.

"எலும்புக்கும் புளிக்கொழம்பு வெச்சுட்டியா புள்ள?"

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் கோயமுத்தூர் உக்கடம் வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்று மெஷின் ஒன்று ஓடவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். இவருடைய ஷிஃப்டிலேயே வருகிற பாய் ஒருத்தர் பக்கத்தில் இருந்தார். உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. இவரும் அவரும் பார்த்தாலே ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொள்வார்கள். இவர் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னுங்க டிரைவரே, இன்னிக்கி வண்டி ஸ்டார்ட் ஆகலியா?" என்றார்.

"எங்கூட்டுக்காரி ஒரு காரியம் பண்ணிப்போட்டாளுங்க பாய்," என்று இவர் முழுக்கச் சொல்லிவிட்டார். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் கேட்டார்கள். எனக்கு மானம் போனது. பாய் மட்டும் என்னைப் பார்த்து, "கத்தி மழுங்குனதுதானுங்களே? கூரானதா இருந்தா இன்னும் சுத்தமா வந்துருக்கும்," என்றார். இவரே சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் கையை நீட்டினார். "எடு. பாக்கலாம்."

ரப்பர் பேண்டை எடுத்து, சிமிழை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். என் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போய்ப் பட்டின் ஓரம் கறுத்திருந்தது. துணுக்கு அரிசிக் குருணையில் பாதிகூட இல்லை. சின்ன வயசிலிருந்து வரிசையில் நின்றவர். கதிர்களும் சிலுவையும் சிங்கமும் சேர்த்துத்தான் அவருக்கு அது அருளிக்கம். இந்தக் குருணையைத் தனியாக இதற்கு முன் யார் பார்த்தது?

"இவ்வளவுதானா," என்றார்.

பாய் எட்டிப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சுப் படாமல் பார்த்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"வெச்சுக்கோங்க," என்றேன் இவரிடம். "நெத்தியில வெச்சுக்கோங்க. யாரும் வேண்டாங்கல. இதுக்குத்தான இத்தன நாளா உசுர எடுத்தீங்க?"

அவர் வைக்கவில்லை.

"முத்தர இல்லாம வெக்க மாட்டேன்."

"அதே எலும்புதானுங்க! என் கையிலதான் உளுந்துது, எங்கியும் போகல!"

"அது நீ சொல்றது. முத்தர சொல்லோணும்."

"நா சொல்லாம இருந்திருந்தா நோம்பியன்னிக்கி வெச்சிருப்பீங்களே?"

"வெச்சிருப்பேன்," என்றார். "நீதான் சொல்லிப்போட்டயே."

எனக்கு அழுகை வரவில்லை. அவரை அந்தப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. உண்மையைச் சொன்னதற்கு ஊரில் ஒரு ஆள் நல்ல வார்த்தை சொல்லவில்லை. சரி, இவராவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். நர்ஸ் வந்து அவரைக் கூப்பிட்டாள். சிமிழை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனார்.

நான்கு மணி நேரம். தயிர்சாதம் சாப்பிடப் பிடிக்கவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது அவருக்கு பிரஷர் இறங்கியிருந்தது. முகம் வெளுத்து, கால் பின்னியது. நீங்கள் இங்கேயே படுத்திருங்கள், நான் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். கேட்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். ஆட்டோ உக்கடம் குளத்தோரமாகத் திரும்பியபோது காற்று அடித்தது. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர், மூடியபடியே, "அந்த டப்பாவக் குடு," என்றார்.

கொடுத்தேன். திறக்கவில்லை. ரப்பர் பேண்டோடு அப்படியே இரண்டு கையிலும் வாங்கி, டப்பாவை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டார். குளம் முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. மேடு பள்ளத்தில் ஆட்டோ குதித்தபோது டப்பா அவர் நெற்றியில் இடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. நான் மறுபக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன். நான் ஏதாவது சொன்னால் எடுத்துவிடுவார் என்று தெரியும்.

ஆயர் இல்லத்து ஆபீசில் ஒரு வயசான சாமியார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முத்திரை எப்படிப் போனது என்று கேட்டார். வெந்நீர், புளி, கத்தி என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, "புளியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி எழுதினார். பத்திரம் அரித்திருப்பதால் பழைய பதிவேடுகளைத் தேட வேண்டும், நாளாகும் என்றார். சிமிழையும் மெழுகுத் துண்டுகளையும் ஒரு கவரில் போட்டு ஒட்டிவிட்டு, டப்பாவை என் பக்கம் தள்ளினார். "இது உங்களுதும்மா."

திருவிழா நடந்தது. லைவும் போனது. அருளிக்கம் இந்த வருஷம் இல்லை என்று சாமியார் மைக்கில் சொன்னார். காரணம் சொல்லவில்லை. பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளிக்கம் இன்னும் திரும்பி வரவில்லை. பாத்திரம் பீரோவுக்குள் நடுவில் ஓட்டையோடு நிற்கிறது. பளபளப்பு மங்க ஆரம்பித்துவிட்டது. அதை நான் தொடுவதில்லை. இவர் இருக்கிறார். அடுத்த நோம்பியைப் பார்க்க மாட்டேன் என்பதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த எவர்சில்வர் டப்பாவில் இப்போது அவருடைய மாத்திரைகள் இருக்கின்றன. நான் வைக்கவில்லை, அவராகவே எடுத்துப் போட்டுக்கொண்டார். தலைமாட்டிலேயே இருக்கும். போன வாரம் பாத்திரங்களோடு அதையும் எடுத்துப் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். உள்ளே கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"ஏ புள்ள! அத அங்க வெய்யி. நீ ஒண்ணும் வெளக்க வேண்டாம்."